மொட்டைக்குத் தயங்குகிறவரிடம் காரணம் கேட்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பங்குனி வந்தால் இங்கே பர்மாவில் நம் கோவில்களில் முடியிறக்க வரிசை நிற்கத் தொடங்கிவிடும். அது ஓய்வதற்குள் பர்மியப் புத்தாண்டான திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா. அந்த விடுமுறையில் ஒரு வாரம், பத்து நாள் காவியுடுத்திப் பொங்கி (புத்த பிக்கு) மடத்தில் இருந்துவிட்டு வருவது பர்மியர் வழக்கம். பர்மியக் குடும்பங்களோடு சம்பந்தம் செய்துகொண்ட நம்மவர்களுக்கும் அந்த அழைப்பு வரும். இப்படி, தலையை மழித்துக்கொள் என்று சுற்றியிருப்பவர்கள் கேட்கிற காலம் இது. "எனக்கு வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று நழுவுகிறவர்களில் ஒரு சாராருக்குப் பக்தியில் குறையில்லை. பேங்காக்கிலோ சென்னையிலோ எப்போதோ முடி நட்டுக்கொண்டு வந்து, இன்று பின்மண்டையில் தழும்போடு இருப்பவர்கள் அவர்கள். மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களுக்காகவும், அவர்களை வற்புறுத்தும் பெரியவர்களுக்காகவும், முடியிறக்கும் தொழிலாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முடி நடுவது என்றால் புதிதாக முடியை உண்டாக்குவது இல்லை. பிடரிக்கு மேலே, இரண்டு காதுகளுக்கும் நடுவில் இருக்கும் முடி பெரும்பாலும் ஆயுசுக்கும் கொட்டாத ரகம். அதை வேரோடு எடுத்து முன்னால் நடுகிறார்கள். இடம் மாறினாலும் அதன் குணம் மாறாது என்பதை நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-ல் எழுதி வெளியிட்டார். ஜப்பானில் ஷோஜி ஒகுடா 1939-லேயே முடிவேர்களை இப்படி இடம் மாற்றி எழுதியிருந்தும், போர்க்காலத்தில் அது வெளியுலகுக்குத் தெரியாமல் போயிற்று. எடுத்த இடம் காயம். காயம் ஆறினால் தழும்பு. "தழும்பே வராது" என்று சொல்லி ஆள் பிடிப்பது பொய். எவ்வளவு தெரியும் என்பது மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

தழும்பு இரண்டு விதம். முதலாவது பட்டை முறை, எஃப்.யு.டி. என்பார்கள். ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்குத் தோலையே நீளமாக அறுத்தெடுத்து, இரண்டு விளிம்பையும் சேர்த்துத் தைப்பார்கள். நன்றாக ஆறினால் இரண்டு மில்லிமீட்டர் கோடு. இழுத்துத் தைத்திருந்தால், அல்லது தையல் பிரித்த கையோடு மூட்டை தூக்கி, குனிந்து நிமிர்ந்து வேலை செய்திருந்தால், அது ஒரு சென்டிமீட்டர் வரைகூட விரியும். இரண்டாவது துளை முறை, எஃப்.யு.இ. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வட்டக் குழலால் ஒவ்வொரு வேராகக் குடைந்தெடுப்பது. கோடு விழாது, புள்ளிதான் விழும். இரண்டாயிரம் வேர் எடுத்தால் இரண்டாயிரம் புள்ளி. அந்தப் புள்ளிகளில் நிறமி திரும்பி வராததால் வெள்ளையாக நிற்கும். நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலில் அது வெளுத்த தோலைவிட எடுப்பாகவே தெரியும். பின்மண்டையில் சதுர சென்டிமீட்டருக்கு எழுபது, எண்பது முடிக்கொத்து இருக்கும். அதில் பாதி வரை போனால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. பாதியைத் தாண்டி எடுத்துவிட்டால் பூச்சி அரித்த கம்பளி மாதிரி ஆகிவிடும். ஒரே நாளில் நாலாயிரம், ஐயாயிரம் கிராஃப்ட் (எடுத்து நடும் முடிக்கொத்து) என்று எண்ணிக்கையைக் காட்டி விற்கும் இடங்களில் இதுதான் நடக்கிறது.

நட்டுக்கொண்டதை நினைத்து வருத்தத்தோடு இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டி. நட்ட முடி இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் பெரும்பாலும் கொட்டிவிடும். வேர் உள்ளே இருக்கும், மேலே ஒன்றும் இருக்காது. சுற்றியிருந்த சொந்த முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் கொட்டும். நடுவதற்கு முன் இருந்ததைவிட மோசமாகத் தெரிகிற காலம் இந்த இரண்டாவது, மூன்றாவது மாதம்தான். மனம் உடைந்து இன்னொரு மருத்துவரிடம் ஓடுகிறவர்களில் பலர் இந்த இடைவெளியில் ஓடுகிறவர்கள். மூன்று, நான்காம் மாதத்தில் மெல்லிய முடி எட்டிப்பார்க்கும். ஆறாம் மாதத்தில் பாதி. முன்பக்கம் நிறைவாகத் தெரிய ஒரு வருடம். உச்சிக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும். தழும்பும் அப்படித்தான். சிவப்பாக, விறைப்பாக, அரிப்போடு இருப்பது ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் வெளுத்துத் தணியும். பின்மண்டை மரத்துப்போனது மாதங்கள் கழித்து மெதுவாக உணர்வுக்கு வரும்; வரும்போது சுருக் சுருக்கென்று குத்தும், அது நரம்பு ஆறும் அறிகுறி. ஒரு வருடம் முடியாமல் எதையும் திருத்தக் கை வைக்கக் கூடாது.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. காய்ச்சலோடு பரவும் சிவப்பு, சீழ், நட்ட இடத்தில் தோல் கருநீலமாகி உறைந்து கருகுவது, தையல் விட்டுப்போவது. இவற்றுக்கு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி முளைக்கும்போது வரும் சிறு பருக்கள் வேறு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். கிள்ளக் கூடாது.

காத்திருக்கும் காலத்தில் ஒரு வேலை செய்யலாம். சிகிச்சை செய்த இடத்துக்கு எழுதி, தன் பதிவேட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். எத்தனை கிராஃப்ட் எடுத்தார்கள், அதில் ஒற்றை முடி எத்தனை, இரட்டை எத்தனை, குழல் எத்தனை மில்லிமீட்டர், தையல் எத்தனை அடுக்கு, சிகிச்சைக்கு முன் எடுத்த படங்கள். பிறகு திருத்தப் போகிற மருத்துவருக்கு இந்த ஒரு தாள் பத்து நிமிடப் பேச்சைவிட உதவும். மாதத்துக்கு ஒரு முறை படமும் எடுத்து வைக்கலாம்: ஒரே சன்னல், ஒரே நேரம், உலர்ந்த தலை, முடி நீளமும் ஒரே அளவு. மின்சாரம் எப்போது வரும் போகும் என்று தெரியாத நம் ஊரில் பகல் வெளிச்சத்தை நம்புவதே நல்லது. டியூப்லைட்டுக்கு அடியில் எடுத்த படத்தில் யார் தலையும் வழுக்கையாகத்தான் தெரியும்.

இனி அன்றாடம் மறைப்பது பற்றி. சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது: "பின்னாடி மெஷின் போடாதீங்க, கத்தரிக்கோல் மட்டும்." மெஷின் போட்டே ஆக வேண்டுமென்றால் நம்பர் நாலுக்குக் கீழே போகக் கூடாது. நாலு என்பது 13 மில்லிமீட்டர். மூன்றில் 10 மில்லிமீட்டர். மெல்லிய கோட்டுக்கு அது போதலாம், விரிந்த கோட்டுக்குப் போதாது. ஒன்று, இரண்டு நம்பர்களில் கோடு அப்பட்டமாகத் தெரியும். காதுக்கு மேலே மங்கலாக இறக்கும் இன்றைய ஸ்டைலைப் பட்டைத் தழும்புக்காரர் மறந்துவிடுவதே நல்லது. கோடு காதோரம் முடிகிற இடத்தில்தான் அது முதலில் காட்டிக்கொடுக்கும். புள்ளித் தழும்புக்காரருக்கு இதற்கு நேர்மாறு: ஒரேயடியாக நீளமாக விட்டால் இடைவெளிகள் பிரிந்து தெரியும், நடுத்தரமாக, ஒரே அளவாக வெட்டினால் கண் ஏமாறும். பக்கவாட்டு முடியும் பின்மண்டை முடியும் அடர்த்தியில் ரொம்ப வேறுபடாமல் பக்கத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வதும் ஒரு வழி.

ஈரம் எல்லாவற்றையும் கெடுக்கும். உலர்ந்த தலையில் ஒன்றும் தெரியாதவருக்கு, திஞ்ஞானில் ஒரு வாளி தண்ணீர் தலையில் விழுந்ததும் முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டு, நடுவே வெள்ளைக் கோடு பளிச்சென்று நிற்கும். நான்கு நாளும் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு துணித் தொப்பி போதும். வெயிலுக்கும் அது நல்லது: ஒரு வருடம் ஆகாத தழும்பில் நேரடி வெயில் பட்டால் சுற்றிலும் கறுத்து, தழும்பு இன்னும் வெளுப்பாகத் தெரியும். நட்டு மூன்று வாரம் ஆகாதவர் தண்ணீர் அடிக்கும் பக்கமே போகக் கூடாது. குழாய் வேகத்தில் வரும் தண்ணீர் ஆறாத காயத்தைக் கிளறும், அந்தத் தண்ணீர் சுத்தமும் இல்லை.

தழும்பு மேடாக எழும்பியிருந்தால் அது தனிக் கதை. காயத்தின் எல்லைக்குள் எழும்பினால் தடித்த தழும்பு. எல்லை தாண்டி நல்ல தோலுக்குள் பரவினால் கெலாய்டு. காது குத்திய இடத்திலோ நெஞ்சிலோ யாருக்காவது கெலாய்டு வந்த குடும்பம் என்றால், முடி நடும் யோசனையையே விட்டுவிட வேண்டும். தடித்த தழும்புக்குச் சிலிகான் ஜெல் முதல் மருந்து. காயம் முழுவதும் மூடியபின் ஒரு நாளைக்கு இரண்டு முறை மெல்லிசாகத் தடவி, குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். முடி இருக்கும் இடத்தில் சிலிகான் தகடு ஒட்டாது, ஜெல்தான் சரி. அதற்கு அடங்காவிட்டால் தோல் மருத்துவர் டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை நேராகத் தழும்புக்குள் போடுவார், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. மருந்து பக்கத்துத் தோலுக்குக் கசிந்தால் அந்த இடம் குழிந்து, வெளுத்து, முடியும் கொட்டும். அதனால் பழகிய கை வேண்டும். மருந்துக்கடையில் வாங்கி வீட்டில் யாரையாவது போடச் சொல்கிற காரியம் இல்லை இது.

பர்மியர் மரப்பட்டையை அரைத்துப் பூசும் தனக்காவைப் பற்றி எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். ஆறிய தோலில் அரைத்துப் பூசினால் குளிர்ச்சி, வெயிலுக்குக் கொஞ்சம் இதம். தழும்பை அது கரைக்காது. ஆறாத காயத்திலும், ஓட்டை மூடாத துளைகளிலும் கல்லில் அரைத்த எந்த விழுதும் படக் கூடாது. மஞ்சளுக்கும் இதே பேச்சுதான்.

தழும்பு தட்டையாக, வெள்ளையாக, அமைதியாக இருக்கிறது. மறைக்க மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு மண்டையில் புள்ளி குத்தும் நிறமூட்டல் நல்ல வழி. பச்சை குத்துவது போலத்தான், ஆனால் பச்சை குத்தும் கடைக்குப் போகிற வேலை இல்லை. சாதாரணப் பச்சைமை ஆழமாக இறங்கிப் பரவி, சில வருடத்தில் நீலமாக மாறும். இதற்கென்று உள்ள நிறமியை, தோலில் ஆழமாக இறக்காமல், மழித்த முடியின் அடிக்கட்டை அளவுக்குச் சின்னப் புள்ளியாக வைக்க வேண்டும். தழும்புத் தோல் மற்ற தோலைப் போல மையைப் பிடிக்காது. ஓரிடத்தில் குடித்துவிடும், ஓரிடத்தில் துப்பிவிடும். அதனால் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். முதல் நாள் பத்துப் பதினைந்து புள்ளி சோதனைக்கு வைத்து, ஒரு மாதம் விட்டுப் பார்த்து, பிறகு இரண்டு மூன்று அமர்வாகப் பிரித்துச் செய்ய வேண்டும். நிறத்தைத் தலைமுடியைவிட ஒரு படி வெளிறலாகத் தொடங்குவது பாதுகாப்பு. கூட்டிக்கொள்ளலாம், குறைக்க லேசர்தான் வேண்டும். மூன்று முதல் ஐந்து வருடத்தில் மங்கும், மறுபடி தொட வேண்டியிருக்கும். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும்: பின்னாளில் நரைத்தால், மையின் கறுப்பு மட்டும் தனியாக நிற்கும்.

தழும்புக்குள்ளேயே முடி நடுவதும் நடக்கிறது. மிச்சமிருக்கும் பின்மண்டை முடியையோ, அது போதாதவர்களுக்குத் தாடி முடியையோ எடுத்து வைக்கிறார்கள். தழும்பில் ரத்த ஓட்டம் குறைவு. நெருக்கமாக நட்டால் ஒன்றும் பிழைக்காது. ஐம்பது, நூறு வேர் மட்டும் நட்டுப் பார்த்து, எட்டு மாதம் பொறுத்து, எத்தனை பிடித்தது என்று எண்ணியபின் மீதியைச் செய்கிறவரே பொறுப்பான மருத்துவர். தழும்பை மறுபடி அறுத்துத் தைத்து ஒடுக்குவது மூன்றாவது வழி. அதற்குப் பின்மண்டைத் தோல் தளர்ந்திருக்க வேண்டும். இரண்டு உள்ளங்கையாலும் பின்மண்டையைப் பிடித்து மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். தோல் எலும்பின் மேல் நகரவே இல்லையென்றால் அறுத்தால் மறுபடி விரியும், முன்பைவிட மோசமாகவும் ஆகலாம். எந்தத் திருத்தத்துக்கும் முன்னால் சில வாரமாவது சுருட்டுப் பிடிப்பதை நிறுத்த வேண்டும். வெற்றிலைப் பொட்டலம் போடுகிறவர்கள் அதில் புகையிலை இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். நிகோடின் எந்த வழியாகப் போனாலும் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கும். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

பின்பக்கத்தை விட முன்பக்கமே பலரை உறுத்துகிறது. புருவத்தை உயர்த்திப் பாருங்கள்; நெற்றியில் விழும் சுருக்கங்களில் மேலே கடைசியாக விழுவது எதுவோ, அதைத் தொட்டு நிற்பது சிறுபிள்ளையின் முடிவரிசை. வளர்ந்த ஆணுக்கு அது நடுநெற்றியில் இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர் மேலே இருக்கும். அதற்குக் கீழே, ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடாக நட்டிருந்தால் முப்பது வயதிலேயே பொய்யாகத் தெரியும், ஐம்பதில் சொல்லவே வேண்டாம். முதல் வரிசையில் ஒற்றை முடிகள்தான் வர வேண்டும். இரட்டையும் மூன்றுமாக வைத்துவிட்டால் பொம்மைத் தலை போலத் தூர் தூராக நிற்கும். தவறாக நட்டதை மறுபடி குழலால் குடைந்தெடுத்து நல்ல இடத்தில் வைக்கலாம், அல்லது ஒவ்வொரு வேராக மின்சாரத்தால் பொசுக்கலாம், அல்லது லேசர். நம் தோல் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் லேசர்தான் பாதுகாப்பு. வேறு ரகங்கள் தோலையே சுட்டுவிடக்கூடும். நரைமுடிக்கு எந்த லேசரும் பலிக்காது. எடுத்த இடத்தில் சிறு குழிகள் மிஞ்சலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருபது வயதுகளில் நட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல் வரும். நட்ட முடி நிற்கும், அதன் பின்னால் இருந்த சொந்த முடி வருடத்துக்கு வருடம் பின்வாங்கும், கடைசியில் முன்னால் ஒரு தீவு மட்டும் மிஞ்சும். இதைத் தள்ளிப்போட மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு போன்ற மருந்துகளை மருத்துவர் யோசனையோடு எடுக்கலாம். ஃபினாஸ்டரைடு சிலருக்கு ஆண்மைக் குறைவையும் மனச்சோர்வையும் தரும். ஏற்கெனவே மனம் தளர்ந்திருப்பவர் அதை மருத்துவரிடம் சொல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது.

மனதைப் பற்றி மருத்துவமனைகளில் யாரும் கேட்பதில்லை. காசு கொடுத்து நாமே தேடிக்கொண்ட காயம் என்பதால், இதில் வருத்தத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. "இருந்த முடி போதாதா உனக்கு?" என்று வீட்டில் ஒருவர் கேட்டால் போதும், நட்டுக்கொண்டவர் அதற்குப் பிறகு வாயே திறக்க மாட்டார். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். வருத்தப்படுகிறவருக்கு நான் சொல்வது: நம்பிக்கையான ஒரே ஒருவரிடமாவது தலையைக் காட்டிவிடுங்கள். மறைப்பதற்குச் செலவாகும் உழைப்பு பாதி குறையும். கண்ணாடி பார்ப்பதைக் காலையில் ஒரு முறை, வெளியே கிளம்பும்போது ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாடி பிடித்துப் பின்மண்டையைப் பார்ப்பது மாதத்துக்கு ஒரு தடவை, படம் எடுக்கும் அன்று மட்டும். ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதே நினைப்பாகப் போகிறது, கல்யாணம் காட்சிக்குப் போகாமல் தவிர்க்கிறார், மற்றவர் கண்ணுக்குத் தெரியாத குறையைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார் என்றால், அவருக்குத் தேவை மனநல மருத்துவர். அந்த நிலையில் இன்னொரு அறுவை செய்தால் குறை அடுத்த இடத்துக்கு நகருமே தவிர மனம் ஆறாது. சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முடிக்காகவா ஒருவன் இப்படி என்று நினைப்பவர்கள் அவன் முகத்தை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, முடியிறக்கும் விஷயம். தழும்பு முழுக்க ஆறி, மருத்துவர் பார்த்துச் சரி சொன்னபின் மொட்டை அடித்துக்கொள்வதில் உடலுக்குக் கெடுதல் இல்லை. நட்ட முடி மறுபடி வளரும். மேடான தழும்பும் குழிகளும் உள்ள தலையில் கத்தி சறுக்கும் என்பதால் முடியிறக்குகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தலையை வெந்நீரில் நன்றாக நனைத்து, முடி வளர்ந்திருக்கும் போக்கிலேயே, தோலை இழுக்காமல் மழிக்க வேண்டும். பிளேடு மொட்டை அடித்துக்கொள்கிறவர் கண் முன்னே பிரித்த புதுப் பிளேடாக இருக்க வேண்டும். ரத்தம் துளிர்க்க வாய்ப்புள்ள தலை என்பதால் இது இரண்டு மடங்கு முக்கியம். மஞ்சள்காமாலைக் கிருமி ஒருவர் பிளேடிலிருந்து அடுத்தவருக்குப் போகும்.

மொட்டை வேண்டாம் என்பவருக்குப் பூமுடி இருக்கிறது. மூன்று கற்றை நறுக்கிக் காணிக்கை செலுத்துவது நம் வழக்கத்தில் உள்ளதுதான். பெண்கள் கொடுப்பதை ஏற்கிற சாமி ஆண் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. தகப்பன் கருமாதியிலும் மூத்த மகனைக் கூட்டத்தின் நடுவே உட்கார வைத்து "ஏன் மழிக்கவில்லை" என்று கேட்காமல், அவர் தனியாக வீட்டில் செய்துகொள்ளவோ முகச்சவரத்தோடு நிறுத்திக்கொள்ளவோ விட்டுவிடலாம்.

யாங்கூன், பெகு, தாட்டோன், மோல்மேன் கோவில் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். முடியிறக்கும் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் "மொட்டை / பூமுடி" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். எதற்கு எது என்று விவரம் கேட்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுங்கள். முடியிறக்கும் இடத்தில் ஒரு மூலையில் வேட்டித்துணி ஒன்றைத் திரையாகக் கட்டிவிட்டால், இந்தப் பங்குனிக்கே சிலர் தைரியமாக வருவார்கள்.

இப்படிக்கு,
தோல் சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்,
யாங்கூன்.